ஆம்பின் இரண்டு சேனல்களையும் இணைத்து வாசித்தால் டோன் கூடுகிறதா, சத்தம் மட்டும்தான் கூடுகிறதா?

ஆறுகம்பி

நான்கு ஜாக் (கேபிள் செருகும் துளை) உள்ள பழைய பாணி வால்வு கிட்டார் ஆம்ப் (ஒலிபெருக்கி) வைத்திருப்பவர்களில் பலர் இன்றும் ஒரே சேனலில்தான், அதாவது தனி வால்யூம் உள்ள ஒரே சிக்னல் பாதையில்தான், வாசிக்கிறார்கள். பாதி ஆம்பைச் சும்மா தூங்க விடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

1950களின் கடைசியில் வந்த ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ, அதை அடிப்படையாக வைத்து 1962இல் மார்ஷல் செய்த ஜேடிஎம்45, பிறகு வந்த நூறு வாட் சூப்பர் லீட், எல்லாவற்றிலும் இதே அமைப்புதான். ஒரு சேனல் பிரைட், இன்னொன்று நார்மல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஜாக். பிரைட்டில் மட்டும் வாசித்தால் மேல் கம்பிகள் காதைக் குத்தும். நார்மலில் மட்டும் வாசித்தால் மூக்கடைத்தவர் பேசுவது போல இருக்கும். இரண்டையும் சேர்த்தால் ஒவ்வொரு சுரத்துக்கும் உடம்பு வருகிறது, விளிம்பும் போவதில்லை.

செய்முறை எளிது. கிட்டாரை பிரைட் சேனலின் முதல் ஜாக்கில் செருகுங்கள். அதே சேனலின் இரண்டாவது ஜாக்கிலிருந்து ஒரு சின்ன பேட்ச் கேபிளை எடுத்து நார்மல் சேனலின் முதல் ஜாக்கில் செருகுங்கள். பிரைட் வால்யூமை 6இல் வைத்து, நார்மலை பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டே வாசியுங்கள். 3ஐ நெருங்கும்போது கீழ் கம்பிகளில் வித்தியாசம் தெரியும். இதைக் கேட்ட பிறகும் ஒற்றைச் சேனல் போதும் என்று சொல்பவர்கள் இருந்தால் காரணத்தை எழுதுங்கள்.

வெப்பமுனை

இணைப்பு முறையில் எனக்குக் குறையில்லை. அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவில்தான் குறை.

இரண்டு வால்யூம் குமிழ்களுக்கும் பின்னால் ஆளுக்கொரு ரெசிஸ்டர் இருக்கிறது. பாஸ்மேனில் 270 கிலோ ஓம், சூப்பர் லீடில் 470. இரண்டும் ஒரே புள்ளியில் சேர்ந்துதான் அடுத்த வால்வுக்குப் போகின்றன. நார்மல் வால்யூமை பூஜ்யத்தில் வைத்தால் அந்தப் பக்கத்து ரெசிஸ்டரின் மறுமுனை நேராக கிரவுண்டில் நிற்கும். பிரைட்டிலிருந்து வரும் சிக்னலில் பாதி அந்த வழியாக வடிந்துவிடும். கணக்குப் போட்டால் 6 டெசிபெல் இழப்பு. நார்மலை ஏற்ற ஏற்ற அந்த இழப்பு குறைகிறது, அதன் சொந்த சிக்னலும் கூடச் சேர்கிறது. அடுத்த வால்வுக்குக் கூடுதல் அடி விழுகிறது, ஸ்பீக்கரில் கூடுதல் சத்தம் வருகிறது.

சத்தம் கூடினால் காது அதை நல்ல டோன் என்றே எடுத்துக்கொள்ளும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட வளைகோடுகள் இதைத்தான் காட்டின: சத்தம் ஏறும்போது பேஸ் பகுதி நம் காதுக்கு விகிதத்தை மீறிப் பெரிதாகக் கேட்கிறது. ‘உடம்பு வருகிறது’ என்று நீங்கள் எழுதியதில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது. சத்தத்தைச் சமப்படுத்தாமல் செய்த எந்த ஒப்பீட்டையும் நான் ஏற்கமாட்டேன்.

ஆறுகம்பி

சமப்படுத்தித்தான் கேட்கிறேன். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் சத்தத்தைக் குறைக்கும் அட்டென்யுவேட்டர் இருக்கிறது. இணைத்து வாசிக்கும்போது அதில் குறைத்துக்கொள்வேன். அப்படிக் கேட்டாலும் பிரைட் சேனலில் தனியாகக் கிடைக்காத ஒன்று வருகிறது. கீழ் கம்பியில் பவர் கார்ட் அடித்து நிறுத்தினால் அந்த நிறுத்தத்திலேயே ஒரு எடை இருக்கிறது. 6 டெசிபெல் மட்டும்தான் காரணம் என்றால் பிரைட் வால்யூமை இன்னும் கொஞ்சம் ஏற்றினாலே அது கிடைத்திருக்க வேண்டும். கிடைப்பதில்லை. பேஸ் குமிழை முழுதாகத் திருப்பினாலும் கிடைப்பதில்லை.

பச்சைவிளக்கு

ஆறுகம்பி அண்ணா, நீங்கள் சொன்னபடி என் ஆம்பில் செய்து பார்த்தேன். இரண்டு சேனல், நான்கு ஜாக் எல்லாம் இருக்கிறது. ஒரு சேனலில் ரிவெர்ப், ட்ரெமலோ உண்டு, மற்றதில் கிடையாது. இரண்டாவது சேனலை ஏற்ற ஏற்ற டோன் மெலிந்துகொண்டே போகிறது. பேஸ் சுத்தமாகக் காணாமல் போகிறது, சத்தமும் குறைகிறது. ஆம்பில் ஏதாவது கோளாறா?

வெப்பமுனை

கோளாறு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப், டீலக்ஸ் ரிவெர்ப் போன்ற 1960களின் வடிவமைப்புகளில் ரிவெர்ப் உள்ள சேனலில், எதிரொலியைக் கலப்பதற்காக வால்வில் ஒரு நிலை கூடுதலாக இருக்கும். சிக்னல் இப்படி ஒரு நிலையைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் தலைகீழாகிறது. நார்மல் சேனலில் இரண்டு முறை புரள்கிறது, ரிவெர்ப் சேனலில் மூன்று முறை. ஆக இரண்டும் சேரும் இடத்தில் ஒன்று மேலே தள்ளும்போது மற்றது கீழே இழுக்கிறது, ஒன்றை ஒன்று அழித்துவிடுகின்றன. உங்கள் ஆம்பும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

எந்த ஆம்பிலும் இணைக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். ஒரு சேனலை 4இல் வைத்து மற்றதை ஏற்றுங்கள். பேஸ் தடித்தால் இரண்டும் ஒரே திசையில் இருக்கின்றன. மெலிந்தால் எதிர்த் திசை.

பச்சைவிளக்கு

அப்படியானால் என் ஆம்பில் இதற்கு வழியே இல்லையா?

வெப்பமுனை

இருக்கிறது. சிக்னலைப் பிரித்து இரண்டு ஜாக்குக்கும் அனுப்பும் ஏபிஒய் பெட்டிகளில் சிலவற்றில் ஒரு வெளியீட்டைத் தலைகீழாக்கும் சுவிட்ச் உண்டு. அப்படி ஒன்றை வைத்து இரண்டு சேனலுக்கும் தனித்தனிக் கேபிள் கொடுத்தால் அழிவு நின்றுவிடும். ஆனால் வாங்கும் முன் யோசியுங்கள். அந்த வகை ஆம்பின் இரண்டு சேனல்களும் குணத்தில் அண்ணன் தம்பி மாதிரி, சூப்பர் லீடில் இருக்கும் அளவுக்கு வேறுபாடு கிடையாது. செலவுக்கு ஏற்ற பலன் கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

சுருதிபேதம்

இங்கே எல்லோரும் பிரைட் சேனல் காதைக் குத்துவதை இயற்கை விதி மாதிரி எழுதுகிறீர்கள். அது ஏன் குத்துகிறது என்று யாரும் கேட்கவில்லை.

வால்யூம் குமிழின் மேல்முனைக்கும் நடுமுனைக்கும் குறுக்கே ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கிறது. ட்ரெபிள் மட்டும் குமிழைச் சுற்றிக்கொண்டு போக அது வழி விடுகிறது. பாஸ்மேனில் அது 100 பிக்கோ ஃபாரட், அடக்கமானது. பிற்காலத்து சூப்பர் லீடில் 5000. இவ்வளவு பெரிதாக இருப்பதால் வால்யூம் 3, 4இல் இருக்கும்போது ட்ரெபிளோடு மிட்டும் தப்பித்து ஓடுகிறது, பேஸ் மட்டும் பின்தங்குகிறது. வால்யூமை 10க்குக் கொண்டுபோனால் கெப்பாசிட்டருக்கு வேலையே இல்லை, குத்தலும் மறைகிறது. நூறு வாட் ஆம்பை 10இல் வைத்து வாசிக்க எத்தனை பேருக்கு வாய்க்கிறது?

ஆக, நார்மல் சேனலை இணைப்பது, கெப்பாசிட்டர் பிடுங்கிக்கொண்ட பேஸை வேறு வழியாகத் திருப்பிக் கொண்டுவரும் வேலை. நான் அந்தக் கெப்பாசிட்டரையே எடுத்துவிட்டு 100 போட்டிருக்கிறேன். ஒற்றைச் சேனலில் வேண்டியது எல்லாம் இருக்கிறது. இரண்டு முதல்நிலைகளின் இரைச்சலும் சேர்ந்து கேட்கும் தொல்லையும் இல்லை. மூலத்தைச் சரிசெய்ய முடியும்போது கேபிள் போட்டு ஒட்டுவானேன்?

வெப்பமுனை

சுருதிபேதம் சொல்வது மின்சுற்றுப்படி சரி. ஆனால் படிப்பவர்கள் யாரும் உடனே ஸ்குரூ டிரைவரைத் தூக்கிவிட வேண்டாம். ஆம்பின் மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். அது ஆளைக் கொல்லும். பழக்கப்பட்டவரிடம் கொடுத்துச் செய்யுங்கள்.

ஆறுகம்பி

சுருதிபேதம், கெப்பாசிட்டர் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அது முழுக் கதை ஆகாது. இரண்டு சேனலுக்கும் இருக்கும் வேறுபாடு அந்த ஒரு பொருளோடு முடியவில்லை. 1960களின் இறுதியிலிருந்து வந்த சூப்பர் லீடில் முதல் வால்வின் இரண்டு பாதிகளையும் தனித்தனியாக அமைத்தார்கள். பிரைட் பாதியின் கேத்தோடில் (வால்வின் ஒரு முனை) 2.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், 0.68 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். நார்மலில் 820 ஓம், அதோடு 250, 330 என்று மிகப் பெரிய கெப்பாசிட்டர். அடுத்து வரும் இணைப்புக் கெப்பாசிட்டர் பிரைட்டில் 0.0022, நார்மலில் அதைப் போலப் பத்து மடங்கு. இத்தனை இடத்தில் பேஸை வடிகட்டியிருக்கிறார்கள். நீங்கள் பிரைட் கெப்பாசிட்டரை மாற்றினாலும் மற்ற வடிகட்டல் அப்படியேதான் இருக்கும்.

இன்னொன்று. இரண்டு பாதியும் இரண்டு விதமாக அமைந்திருப்பதால் இரண்டும் வெவ்வேறு விதமாக டிஸ்டார்ட் ஆகின்றன, அதாவது சிக்னல் நசுங்கிக் கரகரப்பாகிறது. அந்த இரண்டு டிஸ்டார்ஷனையும் கலப்பது ஒற்றைச் சேனலில் எப்படி வரும்?

வெப்பமுனை

இந்த இடத்தில் உங்களை நிறுத்த வேண்டும். கிட்டாரை நேராக ஆம்பில் செருகினால் முதல் வால்வு பெரும்பாலும் டிஸ்டார்ட் ஆவதே இல்லை. சாதாரண ஒற்றைச் சுருள் பிக்கப்பின் (கம்பி அதிர்வைச் சிக்னலாக்கும் பாகம்) சிக்னல் அதற்குச் சின்ன விஷயம். டிஸ்டார்ஷன் பிறப்பது இரண்டாம் நிலையிலும், பவர் வால்வுகளுக்குச் சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் ஃபேஸ் இன்வெர்ட்டரிலும், பவர் வால்வுகளிலும். அவை எல்லாம் இரண்டு சேனலும் கலந்த பிறகு வருபவை. அதனால் ‘இரண்டு டிஸ்டார்ஷன் கலக்கிறது’ என்பது இந்த ஆம்புக்குப் பொருந்தாத விளக்கம். சுத்தமான இரண்டு சிக்னல்கள் கலக்கின்றன, அதன் பிறகு ஒரே டிஸ்டார்ஷன் நடக்கிறது.

ஆறுகம்பி

வலுவான சிக்னல் தரும் இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கரும், ஆம்புக்கு முன்னால் சிக்னலை ஏற்றும் ஒரு பூஸ்டரும் போட்டால்?

வெப்பமுனை

அப்போது நீங்கள் சொல்வது நடக்கும். 820 ஓம் போட்ட பாதிக்கு சுமார் ஒரு வோல்ட் வரைதான் தாங்கும் இடம். பூஸ்டர் அதை எளிதாகத் தாண்டும். நார்மல் பாதி முதலில் நசுங்கும், பிரைட் பாதி கொஞ்சம் தாமதித்து நசுங்கும். பூஸ்டர் போட்டு வாசிப்பவர்களுக்கு இந்த வாதம் செல்லும். மற்றவர்களுக்குச் செல்லாது.

பின்மேடை

நான் கிட்டார் வாசிப்பவன் இல்லை, மேடையில் ஒலி கலப்பவன். இணைத்த ஆம்புகளோடு அடிக்கடி மல்லுக்கட்டுபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

தனியாக வாசிக்கும்போது கிட்டாருக்கு வரும் அந்த ‘உடம்பு’, குழுவோடு சேர்ந்தால் பேஸ் கிட்டாரின் இடத்தில் போய் உட்கார்கிறது. கிட்டாரின் கீழ் ‘ஈ’ 82 ஹெர்ட்ஸ், பேஸ் கிட்டாரின் கீழ் ‘ஈ’ 41. பேஸின் முதல் மேல்சுரம் சரியாக உங்கள் கீழ் கம்பியின் மேல் விழுகிறது. கிக் டிரம்மும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. மேடையில் கிட்டாரிஸ்ட் நார்மலை ஏற்றுவார், நான் இங்கே 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டுவேன். அவர் சேர்த்ததை நான் எடுத்துவிடுகிறேன். ஆனால் அவருடைய ஆம்பிலிருந்து மேடையில் நேராகப் பரவும் பேஸை என்னால் எடுக்க முடியாது, அது பாடகரின் மைக்கில் ஏறி வருகிறது. பிரைட் சேனல் தனியாகக் கேட்கும்போது மெலிவாக இருக்கலாம், குழுவுக்குள் அதுதான் தெளிவாக வெட்டிக்கொண்டு வரும். பாட்டுக்குத் தேவையானதைப் பார்ப்போம் என்பதே என் வேண்டுகோள்.

ஆறுகம்பி

பின்மேடை, அதனால்தான் நார்மலை 3 என்றேன், 8 என்று சொல்லவில்லை. நார்மலை ஏற்றிக்கொண்டே போனால் கீழ் கம்பிகள் கொழகொழவென்று ஆகிவிடும், அதை நானும் விரும்புவதில்லை. இரண்டாவது கிட்டாரே இல்லாத மூவர் குழுவில் வந்து கேளுங்கள். சோலோ தொடங்கியதும் பின்னால் ரிதம் கிட்டார் கிடையாது, பேஸும் டிரம்மும் மட்டும்தான். அந்த வெற்றிடத்தை பிரைட் சேனல் தனியாக நிரப்பாது.

பின்மேடை

மூவர் குழுவுக்கு ஒத்துக்கொள்கிறேன். இரண்டு கிட்டார், ஒரு கீபோர்டு இருக்கும் குழுவுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே என் வேலையைக் கெடுக்கும் முதல் ஆள் இந்த பேட்ச் கேபிள்தான்.

சுருதிபேதம்

தொழில்நுட்பத்தில் யாரும் தொடாத ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. இணைப்புக் கெப்பாசிட்டர் சின்னதாக இருந்தால் அது பேஸைக் குறைப்பதோடு அதன் ஃபேஸையும் (அலை ஏறி இறங்கும் நேரத்தையும்) நகர்த்தும். 0.0022 மைக்ரோ ஃபாரடுக்கு ஒரு மெகா ஓம் குமிழோடு பேஸ் குறையத் தொடங்கும் எல்லை 72 ஹெர்ட்ஸ். நார்மல் சேனலில் 7 ஹெர்ட்ஸ். கீழ் ‘ஈ’ வாசிக்கும்போது இரண்டு சேனலுக்கும் நடுவில் சுமார் 40 பாகை விலகல். பச்சைவிளக்கின் ஆம்பில் நடந்த அதே அழிவு சின்ன அளவில் இங்கேயும் நடக்கிறது. பேஸைக் கூட்ட நார்மலை ஏற்றுகிறீர்கள், ஏற்றிய பேஸில் கொஞ்சம் தொலைகிறது.

வெப்பமுனை

40 பாகை விலகிய இரண்டு சமமான சிக்னல்களைக் கூட்டினால் இழப்பு ஒரு டெசிபெல்லுக்கும் கீழே. காதுக்குத் தெரியாது. 180 பாகையோடு அதை ஒரே தராசில் வைக்காதீர்கள்.

நீங்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி வரும் விஷயத்தை இப்போது எழுதிவிடுகிறேன், ஏனென்றால் ஆறுகம்பி முதலில் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. பேஸ் குமிழைத் திருப்பினாலும் அந்த எடை வருவதில்லை என்றார். வராது. இந்த ஆம்புகளில் பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றும் இரண்டாம் நிலைக்குப் பின்னால் இருக்கின்றன. அங்கே போய்ச் சேரும் சிக்னலுக்கு அதற்குள் பாதி டிஸ்டார்ஷன் ஆகியிருக்கும். அந்தக் குமிழ்கள் டிஸ்டார்ட் ஆன ஒலியைத்தான் செதுக்குகின்றன. டிஸ்டார்ஷனுக்குள் எவ்வளவு பேஸ் போக வேண்டும், எவ்வளவு ட்ரெபிள் போக வேண்டும் என்று முடிவு செய்ய இந்த ஆம்பில் இருக்கும் ஒரே கருவி, இரண்டு சேனல்களின் வால்யூம் குமிழ்கள். இணைத்து வாசிக்கும்போது அவை வால்யூம் குமிழ் என்ற பெயரில் இருக்கும் டோன் குமிழ்கள்.

பேஸ் அதிகமாக உள்ளே போனால் இரண்டாம் நிலை பேஸிலேயே நசுங்கி, மேல் சுரங்களையும் சேர்த்து இழுக்கும். அதுதான் ஆறுகம்பி சொன்ன கொழகொழ. குறைவாகப் போனால் நறுக்கென்று இருக்கும், எடை இருக்காது. நடுவில் ஒரு குறுகிய இடம் நன்றாக இருக்கிறது. என் நிலைப்பாடு மாறவில்லை: இதில் மாயம் எதுவும் கிடையாது, டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்த ஈக்யூ (பேஸ், ட்ரெபிள் அளவுகளை மாற்றும் அமைப்பு), கூடவே கொஞ்சம் கெயின் (சிக்னல் பெருக்கம்). ஒரு ஈக்யூ பெடலை ஆம்புக்கு முன் வைத்தால் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வரலாம்.

ஆறுகம்பி

டிஸ்டார்ஷனுக்கு முன் ஈக்யூ என்றால் அது டோனை மாற்றுகிறது என்றுதானே பொருள்? சத்தம் மட்டும்தான் கூடுகிறது என்ற கேள்விக்கு இங்கேயே பதில் வந்துவிட்டது. ஈக்யூ பெடலுக்கு இன்னொரு பேட்டரி, இன்னொரு இரைச்சல். ஆம்பிலேயே இருக்கும் இரண்டு குமிழ்களுக்கு ஒரு சின்னக் கேபிள் போதும்.

வெப்பமுனை

‘இணைத்தால் எப்போதும் மேம்படும்’ என்று நீங்கள் எழுதாதவரை எனக்கு ஆட்சேபம் இல்லை.

பச்சைவிளக்கு

இன்னொரு சந்தேகம். நண்பனின் ஆம்பில் கிளீன், லீட் என்று இரண்டு சேனல், ஆனால் ஒரே ஒரு ஜாக். கால் சுவிட்சால் மாற்றுகிறான். அதில் கலக்க முடியுமா?

சுருதிபேதம்

அந்த வகையில் முடியாது. உள்ளே இருக்கும் ரிலே ஒன்றைத் துண்டித்துவிட்டுத்தான் மற்றதைக் கொடுக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாது. கணினியிலோ, ஆம்பின் ஒலியை டிஜிட்டலாகப் போலச் செய்யும் மாடலரிலோ வாசிப்பவராக இருந்தால் கவலை இல்லை, ஹீலிக்ஸ் மாதிரியான கருவிகளில் பிளெக்ஸியின் (பழைய மார்ஷல் ஆம்புகளின் செல்லப்பெயர்) இணைத்த வடிவமே தனி மாடலாக வருகிறது.

மெல்லொலி

சின்ன ஆம்ப் வைத்திருப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. ட்வீட் டீலக்ஸ் 5இ3 சுற்றில் கேபிளே வேண்டாம். அதில் இரண்டு வால்யூம் குமிழ்களும் ஒன்றை ஒன்று பாதிக்கும்படி கட்டப்பட்டவை. எதுவும் செருகாத சேனலின் வால்யூமைத் திருப்பினாலே நீங்கள் வாசிக்கும் சேனலின் டோனும் கெயினும் மாறும். நீல் யங் தன் டீலக்ஸின் மேல் குமிழ்களை மோட்டாரால் திருப்பும் ‘விஸ்ஸர்’ என்ற கருவியை வைத்திருப்பது இந்தக் குமிழ் நிலைகளைக் காலால் மாற்றத்தான். இணைப்பதற்கு முன் அந்தச் சும்மா கிடக்கும் குமிழை முதலில் திருப்பிப் பாருங்கள்.

வெப்பமுனை

நல்ல குறிப்பு. கேபிள் போடுபவர்கள் கவனிக்க இன்னொன்று சேர்க்கிறேன். இரண்டாவது ஜாக்கிலிருந்து வெளியே வரும் சிக்னல் 68 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் இரண்டைத் தாண்டித்தான் வருகிறது. அதனால் இணைத்த சேனலில் ட்ரெபிள் லேசாகக் குறையும். கிட்டார் நேராகச் செல்வது பிரைட்டில் இருந்தால் இது நல்லதுதான், மங்கலாக வேண்டியது நார்மல்தானே. நார்மலில் கிட்டாரைச் செருகி பிரைட்டுக்கு இணைத்தால் பிரைட்டின் முனை மழுங்கும். சுருதிபேதம் மாதிரி பிரைட் குத்துகிறது என்பவர்கள் சாலிடர் போடும் முன் இதை முயன்று பார்க்கலாம். கேபிள் நார்மலின் முதல் ஜாக்குக்கே போகட்டும், இரண்டாவதுக்குக் கொடுத்தால் சிக்னல் இன்னும் வெகுவாகக் குறைந்துவிடும். அப்புறம், ஷீல்டு உள்ள கேபிளாக இருக்கட்டும், ஸ்பீக்கர் கேபிளைச் செருகினால் ஹம்தான் வரும்.

சுருதிபேதம்

மாற்றிச் செருகுவதை முயல்கிறேன். 100 பிக்கோ ஃபாரடைக் கழற்ற மட்டும் சொல்லாதீர்கள்.

பின்மேடை

கிட்டாரிஸ்டுகளே, ஒத்திகையில் முழுக் குழுவும் வாசிக்கும்போது நார்மல் குமிழை நிர்ணயுங்கள், வீட்டில் தனியாக வேண்டாம். பேஸ் வாசிப்பவரைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தி, அவருக்குத் தன் சுரம் தெளிவாகக் கேட்கும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள்.

ஆறுகம்பி

செய்கிறேன். ஆனால் குறைத்துக்கொண்டு வரும்போது பூஜ்யம்வரை போக மாட்டேன்.